வைட்டமின் டி: இருப்பைப் பார்த்து உலை வைப்பதில்லை உடல்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் "25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி: 14 நானோகிராம்/மி.லி." என்று ஒரு வரி. பக்கத்திலேயே "பற்றாக்குறை" என்று தடித்த எழுத்து. மருந்துக் கடையில் 60,000 யூனிட் பொட்டலம் எட்டு வாங்கி, வாரத்துக்கு ஒன்று பாலில் கலந்து குடித்து முடித்தால் அந்த எண் மளமளவென்று ஏறிவிடும். ஆனால் குடித்தவர்களில் பலருக்கு உடம்பில் ஒரு மாற்றமும் தெரிவதில்லை. இதற்கிடையில், 2024 ஜூனில் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி (ஹார்மோன் துறை மருத்துவர்களின் அமைப்பு) வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்தப் பரிசோதனையையே வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறது. 2011இல் "30க்கு மேல் இருக்க வேண்டும்" என்று சொன்னதும் இதே அமைப்புதான். இப்போது அந்த எல்லையையும் கைவிட்டுவிட்டது.

எண் ஏறியும் ஏன் ஒன்றும் தெரியவில்லை? அதைத் துரத்தச் சொன்னவர்களே ஏன் பின்வாங்கினார்கள்? அந்த 14 எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி தீரும். மீதிப் பாதிக்கான பதில் சிறுநீரகத்தில் இருக்கிறது.

ஒரே பெயரில் மூன்று பொருள்

"வைட்டமின் டி" என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று மூலக்கூறுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

1. கோலிகால்சிஃபெரால், அதாவது வைட்டமின் டி3. வெயில் பட்டுத் தோலில் உருவாவதும், பொட்டலத்தில் இருப்பதும் இதுதான். இந்த நிலையில் இதற்கு வேலை எதுவும் கிடையாது.

2. கால்சிடையால். கல்லீரலில் டி3யின் 25ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் ஒட்டிக்கொண்டால் கிடைப்பது. அறிக்கையில் வரும் "25-ஹைட்ராக்ஸி" இதுதான். ரத்தத்தில் இதன் அரை ஆயுள் இரண்டு மூன்று வாரம்.

3. கால்சிட்ரியால். கால்சிடையாலின் 1ஆவது கார்பனிலும் ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்தால் வருவது. உண்மையான ஹார்மோன் இது. சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ரத்தத்தில் இதன் அளவு கால்சிடையாலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால் பிகோகிராமில் கணக்கிடுகிறார்கள்.

நெல், அரிசி, சோறு என்று வைத்துக்கொள்ளலாம். நெல்லை அப்படியே தின்ன முடியாது. அரிசியாக்கினால் மூட்டை கட்டி வைக்கலாம். பசிக்கிறபோது வேண்டிய அளவு மட்டும் சோறாக்கலாம். ஆய்வகம் அளந்து சொல்வது அரிசி மூட்டையை. உடல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது சோற்றை.

வீட்டில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது என்று பார்த்து யாரும் உலை வைப்பதில்லை. பந்தியில் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் வைக்கிறோம். அதுபோல, கால்சிட்ரியால் எவ்வளவு வேண்டும் என்பதை ரத்தத்தில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் தீர்மானிக்கின்றன. மூட்டை அடியோடு காலியாகும்வரை, இருப்பு இவ்வளவு என்பது அந்தக் கணக்கில் பெரிதாக வராது. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் இதன் விரிவுதான்.

இந்த வரிசையைக் கண்டுபிடிக்கவே நாளாயிற்று. டி வைட்டமினுக்குப் பெயர் வைத்தது 1922இல். கால்சிடையாலை அமெரிக்காவில் டெலூக்காவின் குழு அடையாளம் கண்டது 1968இல். சிறுநீரகத்தில்தான் கடைசிக் கட்டம் நடக்கிறது என்று இங்கிலாந்தில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் காட்டியது 1970இல். அடுத்த ஆண்டே கால்சிட்ரியாலின் வடிவம் தெளிவானது. அதாவது, வைட்டமின் என்று அரை நூற்றாண்டு அழைத்த பிறகே அது ஒரு ஹார்மோனுக்கான மூலப்பொருள் என்று தெரிந்தது. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டதால் குழப்பமும் ஒட்டிக்கொண்டது.

தோல்: வெயிலே போடும் வேலி

தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் என்ற பொருள் இருக்கிறது. கொலஸ்டிராலாக மாறுவதற்கு ஒரு படி முன்னால் நிற்பது. 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா-பி கதிர் இதன்மேல் படும்போது, அதன் நான்கு வளையங்களில் ஒன்று பிளந்துகொள்கிறது. கிடைப்பது முன்-வைட்டமின் டி3. இதற்குப் பிறகு நொதி எதுவும் தேவையில்லை. உடல் சூட்டிலேயே பல மணி நேரத்தில் தானாக வளைந்து டி3 ஆகிவிடும்.

வெயிலில் அதிக நேரம் நின்றால் டி3 அளவு மீறிவிடாதா? மீறாது. அதே கதிர் முன்-வைட்டமினையும் தாக்கி, லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் என்று பயனற்ற பொருள்களாக மாற்றத் தொடங்கும். தோலில் உள்ள மூலப்பொருளில் 10 முதல் 15 சதவீதம் மாறியதும், ஆக்கமும் அழிவும் சமமாகி அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு வெயில் காய்ந்தாலும் டி நஞ்சாகாததற்கு இதுவே காரணம். வாய்வழியாக எடுப்பதற்கு இந்த வேலி கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் ஊரில் "காலை இளவெயில் எலும்புக்கு நல்லது" என்பார்கள். சூரியன் தாழ்ந்திருக்கும்போது புற ஊதா-பி வளிமண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். இளவெயில் இதமானது, அவ்வளவுதான். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோலில் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் இதற்கு உதவாது, கண்ணாடி இந்தக் கதிரை விடாது. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள பாஸ்டனில் குளிர்காலம் முழுக்கத் தோலில் டி உருவாவதே இல்லை. 8 முதல் 13 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கும் தமிழ்நாட்டில் ஆண்டு முழுக்க உருவாக முடியும். அப்படியும் இங்கே எண் குறைவாக வருகிறதென்றால், அறைக்குள் அடைந்த வாழ்க்கை, உடலை மூடும் உடை, கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுவது என்று காரணங்கள் உண்டு.

கல்லீரல்: அதிகம் கேள்வி கேட்காத வாசல்

தோலிலிருந்தோ குடலிலிருந்தோ வந்த டி3யைக் கல்லீரல் கால்சிடையாலாக மாற்றுகிறது. இந்த வேலையில் முதன்மையான நொதிக்கு சிஒய்பி2ஆர்1 என்று பெயர். இதில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கு, டி சாப்பிட்டும் கால்சிடையால் ஏறாத ஒருவகை ரிக்கெட்ஸ் (எலும்பு மென்மையாகி வளையும் நோய்) வருவதை 2004இல் உறுதிசெய்தார்கள்.

இந்த வாசலில் காவல் தளர்வு. எவ்வளவு டி3 வந்தாலும் பெருமளவு அப்படியே மாற்றிக் கொடுத்துவிடும். உடல் பருமன் இந்த நொதியைக் குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் வந்திருக்கின்றன, ஆகவே கட்டுப்பாடே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் கால்சியமோ பாஸ்பேட்டோ கூடிவிட்டது என்பதற்காகக் கல்லீரல் கதவைச் சாத்துவதில்லை. அறிக்கையில் உள்ள எண் இவ்வளவு எளிதாக ஏறுவதற்குக் காரணம் இதுதான். அதை அளப்பதன் வசதியும் இதுவே: எவ்வளவு உள்ளே வந்தது என்பதற்கு அது ஓரளவு நேர்மையான சாட்சி.

சிறுநீரகம்: பந்தி எண்ணும் இடம்

கால்சிடையால் ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. கல்லீரல் செய்து அனுப்பும் டி-பிணைப்புப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகும். எதிலும் ஒட்டாமல் இருப்பது 0.1 சதவீதத்துக்கும் குறைவு. சிறுநீரகத்தில் ரத்தம் வடிகட்டப்படும்போது இந்தப் புரதத்தில் கொஞ்சம் சிறுநீர்க் குழாய்க்குள் இறங்கிவிடும். அங்கே செல்களின் மேற்பரப்பில் மெகாலின் என்ற பெரிய புரதம் காத்திருந்து அதை அள்ளி உள்ளே இழுக்கிறது. மெகாலின் இல்லாத எலிகளில் வைட்டமின் சிறுநீரோடு வழிந்துபோய் எலும்பு நலிந்ததை 1999இல் காட்டினார்கள்.

உள்ளே இழுத்த கால்சிடையால் அந்தச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. அங்கே இரண்டு நொதிகள், அதுவும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. சிஒய்பி27பி1 அதைக் கால்சிட்ரியாலாக்கும். சிஒய்பி24ஏ1 அதைச் சிதைத்துக் கழிவாக்கும், கால்சிட்ரியாலையும் விடாது. இந்தப் பெயர்கள் கண்ணைக் கட்டும் என்பதால், இனி முதலாவதை ஆக்கும் நொதி என்றும் இரண்டாவதை அழிக்கும் நொதி என்றும் சொல்வோம்.

இந்த இரண்டுக்கும் மூன்று இடங்களிலிருந்து உத்தரவு வருகிறது.

1. பாராதைராய்டு ஹார்மோன். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள். அவற்றின் செல்களில் கால்சியத்தை உணரும் ஏற்பி பதிந்திருக்கிறது. ரத்தக் கால்சியம் இம்மி குறைந்தாலும் அது உணரும், நிமிடங்களில் ஹார்மோன் வெளியேறும். அது சிறுநீரகச் செல்லின் ஏற்பியில் உட்கார்ந்ததும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு கூடி, ஆக்கும் நொதியின் மரபணு முடுக்கிவிடப்படுகிறது. அழிக்கும் நொதி அடக்கப்படுகிறது.

2. எஃப்ஜிஎஃப்23. இதைச் சுரப்பது எலும்பு. எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் பாஸ்பேட் கூடும்போதும் கால்சிட்ரியால் கூடும்போதும் இதை வெளியிடுகின்றன. உத்தரவு தலைகீழ்: ஆக்கும் நொதியைக் குறை, அழிக்கும் நொதியைக் கூட்டு. இந்த ஹார்மோனை 2000இல்தான் அடையாளம் கண்டார்கள். அதுவரை எலும்பை ஒரு நாளமில்லாச் சுரப்பியாக யாரும் பெரிதாக எண்ணவில்லை.

3. கால்சிட்ரியால் தானே. போதுமான அளவு வந்ததும் தன்னை உண்டாக்கும் நொதியைத் தானே குறைக்கும், தன்னை அழிக்கும் நொதியைத் தானே கூட்டும். பாராதைராய்டு மரபணுவையும் அடக்கும், எஃப்ஜிஎஃப்23ஐயும் கிளப்பிவிடும். நான்கு பக்கமும் தனக்குத் தானே கடிவாளம்.

முதல் இரண்டு ஹார்மோன்களைச் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டுமே பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளச் சொல்கின்றன. ஆனால் வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் ஒன்று கூட்டு என்கிறது, மற்றது குறை என்கிறது. ஏன் இந்த முரண்? கால்சிட்ரியால் குடலிலிருந்து கால்சியத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, பாஸ்பேட்டையும் சேர்த்தே கொண்டுவரும். எலும்பு கரைந்தாலும் இரண்டும் சேர்ந்தே வெளிவரும். பாராதைராய்டின் கவலை கால்சியம்; அது டியைக் கூட்டிக் கால்சியத்தை ஏற்றிவிட்டு, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் பாஸ்பேட்டைச் சிறுநீரில் கழித்துவிடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கூடினால் ரத்தக் குழாயிலும் மென்திசுக்களிலும் சுண்ணாம்பாகப் படிந்துவிடும் அல்லவா? எஃப்ஜிஎஃப்23இன் கவலை பாஸ்பேட். ஆகவே அது உள்ளே வரும் வழியான டியையும் சேர்த்தே அடைக்கிறது.

இந்த இரண்டாவது கடிவாளம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானிய எலிகள் காட்டின. எஃப்ஜிஎஃப்23 வேலை செய்ய வேண்டுமென்றால் செல்லின் மேல் குளோத்தோ என்ற துணைப் புரதம் இருக்க வேண்டும். 1997இல் விவரிக்கப்பட்ட குளோத்தோ இல்லாத எலிகள் பிறந்து சில வாரங்களிலேயே வளர்ச்சி நின்று, தோல் சுருங்கி, ரத்தக் குழாய்களில் கால்சியம் படிந்து, முதுமை வந்தவைபோல் செத்தன. முதுமையைத் தடுக்கும் மரபணு கிடைத்துவிட்டது என்று அப்போது பரபரப்பு. பின்னர் பார்த்தால் அந்த எலிகளின் ரத்தத்தில் கால்சிட்ரியால் எக்கச்சக்கம். தீவனத்தில் வைட்டமின் டியைக் குறைத்ததும் பல கோளாறுகள் சரியாயின. "முதுமை" என்று தெரிந்ததில் பெரும்பகுதி, கட்டவிழ்ந்த வைட்டமின் டியின் வேலை.

மரபணு மட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஆக்கும் நொதியின் மரபணு சிறுநீரகத்தில் மட்டுமல்ல, தோலிலும் நோய் எதிர்ப்புச் செல்களிலும் இயங்குகிறது. அப்படியானால் பாராதைராய்டின் உத்தரவு சிறுநீரகத்தில் மட்டும் எடுபடுவது எப்படி? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பைக், மேயர் குழுவினர் எலிகளில் தேடியபோது, சிறுநீரகத்தில் மட்டும் செயல்படும் முடுக்கிப் பகுதிகள் இந்த மரபணுவுக்குள் இல்லை, பக்கத்து வீட்டு மரபணுக்களின் உள்ளே ஒளிந்திருந்தன. அவற்றை வெட்டி எடுத்ததும் சிறுநீரகம் ஹார்மோன்களின் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. மற்றத் திசுக்களில் அதே மரபணு வழக்கம்போல் இயங்கியது.

வடிகால்: யாரும் பேசாத பாதி

வைட்டமின் டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அது எப்படி உருவாகிறது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஆள் அழிக்கும் நொதிதான்.

இது கால்சிட்ரியாலின் வால்பகுதியில் 24ஆவது கார்பனைத் தாக்கி, படிப்படியாக ஆக்ஸிஜனேற்றி, கடைசியில் கால்சிட்ரோயிக் அமிலமாக்கி வெளியேற்றுகிறது. கால்சிடையாலையும் இதே வழியில் குறைக்கும். கால்சிட்ரியால் படும் செல்களில் இந்த நொதியின் எம்ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து எடுக்கும் செய்முறை நகல்) ஆயிரம் மடங்குக்கும் மேல் ஏறுவதைச் செல் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கால்சிட்ரியாலின் சொல்லுக்கு இவ்வளவு வேகமாக எழுந்து நிற்கும் மரபணு வேறொன்றைக் காண்பது அரிது. ஹார்மோன் ஒரு செல்லுக்குள் நுழைந்து முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, தன்னைத் துடைத்தெறியும் ஆளைக் கூப்பிடுவது.

இந்த வடிகால் அடைபட்டால்? பிரிட்டனில் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும், குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வராமல் தடுக்கப் பால் மாவிலும் தானிய உணவிலும் தாராளமாக வைட்டமின் டி சேர்த்தார்கள். மீன் எண்ணெயும் தனியாகக் கொடுத்தார்கள். 1950களின் முதல் பாதியில் ஒரு விசித்திரம் தொடங்கியது. சில கைக்குழந்தைகள் பால் குடிக்க மறுத்தன, வாந்தி எடுத்தன, எடை ஏறவில்லை. ரத்தத்தில் கால்சியம் மிக அதிகம். உணவில் சேர்த்த டிதான் காரணம் என்று சந்தேகித்து அளவைக் குறைத்தார்கள். ஆனால் ஒரு கேள்வி அப்படியே நின்றது: அதே பால் மாவைக் குடித்த லட்சக்கணக்கான குழந்தைகளில் இந்தச் சிலருக்கு மட்டும் ஏன்?

பதில் 2011இல் வந்தது. இதே நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களை ஜெர்மானிய மருத்துவர் ஷ்லிங்மன் தலைமையிலான குழு ஆராய்ந்தபோது, அழிக்கும் நொதியின் மரபணு இரண்டு பிரதிகளிலும் பழுதுபட்டிருந்தது. மற்றக் குழந்தைகளுக்குச் சாதாரணமான அளவே இவர்களுக்கு நஞ்சு, ஏனென்றால் வடிகால் இல்லை. 1950களின் குழந்தைகள் எல்லோருக்கும் இதே பழுதுதான் என்று சொல்லிவிட முடியாது. வேறு மரபணுக் கோளாறுகளும் இதே தோற்றத்தைத் தரும். சிலருக்கு இந்தப் பழுது குழந்தையில் தெரியாமல் போய், வளர்ந்தபின் திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல்லாக வெளிப்படுகிறது.

இதற்கு ஒரு துணைக்கதையும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரை, கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்ற வேறொரு நொதியைக் கூட்டிவிடும். அது வைட்டமின் டியையும் சேர்த்துச் சிதைக்கும். காசநோய் மருந்தும், ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்தும் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு டி குறைவதற்கு இது ஒரு வழி. இந்தப் பக்கவிளைவையே மருந்தாக்கினார்கள்: அழிக்கும் நொதி பழுதான சிலருக்கு ரிஃபாம்பிசின் கொடுத்து, மாற்று வடிகால் ஒன்றைத் திறந்து கால்சியத்தைக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது

கால்சிட்ரியால் கொழுப்பில் கரைவது; செல் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். அங்கே விடிஆர் என்ற ஏற்பிப் புரதத்தில் பூட்டுக்குள் சாவிபோல் உட்காரும். ஏற்பியின் வடிவம் மாறி, ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு புரதத்தோடு ஜோடி சேரும். இந்த ஜோடி டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தேடும்: ஆறு எழுத்து, மூன்று எழுத்து இடைவெளி, மறுபடி ஏறத்தாழ அதே ஆறு எழுத்து. அங்கே போய் அமர்ந்ததும் துணைப் புரதங்கள் கூடி அந்த மரபணுவை இயக்கும், அல்லது அடக்கும்.

குடல் செல்லில் இப்படி இயங்குபவை மூன்று வேலைக்கானவை. டிஆர்பிவி6 என்ற வாசல் வழியாகக் கால்சியம் உள்ளே வரும். கால்பிண்டின் அதைப் பிடித்துச் செல்லின் மறுபக்கம் கொண்டுபோகும். அங்கே ஒரு பம்ப் அதை ரத்தத்தில் தள்ளும். டி இல்லாதபோது உணவுக் கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் உள்ளே வரும். டி போதுமானால் 30 முதல் 40 சதவீதம்.

இந்த ஏற்பியே பிறவியில் பழுதான குழந்தைகளுக்குக் கடுமையான ரிக்கெட்ஸ் வரும். கால்சிட்ரியாலை எவ்வளவு கொட்டினாலும் பலன் சொற்பம். ஆனால் கால்சியத்தை நேராக ரத்த நாளத்தில் மாதக்கணக்கில் ஏற்றினால் எலும்பு தேறிவிடுகிறது! எலும்புக்கு டி செய்யும் உதவியில் பெரும்பங்கு குடலில்தான் நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. தலைமுடி மட்டும் திரும்ப முளைப்பதில்லை. முடிக்கு அந்த ஏற்பி வேறு ஏதோ வகையில் தேவைப்படுகிறது.

உத்தரவுக்கு அடங்காத சமையல்

1981இல் ஒரு நோயாளியைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அவருக்குச் சிறுநீரகங்களே இல்லை. ஆனால் ரத்தத்தில் கால்சிட்ரியால் ஏராளம், கால்சியமும் அதிகம். அவருக்கு இருந்தது சார்காய்டோசிஸ், உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் உண்டாகும் நோய். கால்சிட்ரியாலை அந்த முடிச்சுகளில் இருந்த மாக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் சமைத்துக்கொண்டிருந்தன என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது.

மாக்ரோஃபேஜிலும் அதே ஆக்கும் நொதிதான். ஆனால் அது பாராதைராய்டின் பேச்சையும் எஃப்ஜிஎஃப்23இன் பேச்சையும் கேட்பதில்லை. இன்டர்ஃபெரான்-காமா போன்ற அழற்சிச் சைகைகளைத்தான் கேட்கிறது. கிருமியை எதிர்க்க அந்தச் செல்லுக்குள்ளேயே உடனடியாகச் செலவழிக்கத் தயாரிப்பது அது. கால்சிட்ரியால் உதவியோடு மாக்ரோஃபேஜ் கத்தெலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் செய்வதைக் காசநோய்க் கிருமியை வைத்து 2006இல் காட்டினார்கள். வழக்கமாக அது அந்தச் செல்லோடு முடிந்துவிடும். முடிச்சுகள் பெருகும்போது மட்டும் வழிந்து ரத்தத்துக்கு வருகிறது. சார்காய்டோசிஸ், சிலருக்குக் காசநோய், சில லிம்போமாக்கள் (நிணநீர்ப் புற்றுநோய்கள்) ஆகியவற்றில் டி மாத்திரையை மருத்துவர்கள் யோசித்துக் கொடுப்பது இதனால்தான். இங்கே மட்டும், அரிசி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கும் உலை வைத்துவிடுவார்கள்.

பொட்டலம் மிஞ்சினால்

சரி, 60,000 யூனிட் என்பது எவ்வளவு? ஒரு மைக்ரோகிராமுக்கு 40 யூனிட். ஆக 60,000 என்பது 1.5 மில்லிகிராம். வாரம் ஒன்று என்றால் நாளுக்குச் சுமார் 8,600 யூனிட். எட்டு வாரத்துக்கு, உண்மையான பற்றாக்குறைக்கு, பொருத்தமான அளவு. வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று புரிந்துகொண்டவர்களும், எட்டு வாரம் முடிந்தும் மாதக்கணக்கில் தொடர்ந்தவர்களும் வாந்தி, மலச்சிக்கல், அதீத தாகம், குழப்பம், சிறுநீரகப் பழுது என்று மருத்துவமனைக்கு வந்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன.

ஆனால் சிறுநீரகம் பந்தி எண்ணித்தானே சமைக்கிறது, அரிசி மிஞ்சினால் என்ன? இப்படி டி நஞ்சானவர்களின் ரத்தத்தில் கால்சிட்ரியால் பெரும்பாலும் இயல்பாகவோ சற்றே கூடியோதான் இருக்கும். சிறுநீரகம் தன் கதவைச் சரியாகவே சாத்தியிருக்கிறது. சிக்கல் வேறு வழியில் வருகிறது.

1. கால்சிடையால் 150 நானோகிராமைத் தாண்டும் அளவுக்குக் குவியும்போது டி-பிணைப்புப் புரதத்தின் இருக்கைகள் நெருக்கடியாகின்றன. அதில் உட்கார்ந்திருந்த கால்சிட்ரியால் கீழே தள்ளப்பட்டு, கட்டற்றதாகச் செல்களுக்குள் நுழைகிறது. மொத்த அளவு கூடாமலே வேலை செய்யும் அளவு கூடிவிடுகிறது.

2. கால்சிடையாலும் விடிஆரில் உட்காரக்கூடியதுதான். பிடிப்பு நூறு மடங்குக்கும் மேல் பலவீனம் என்பதால் வழக்கமாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அளவில்லாமல் குவிந்தால் பலவீனமான சாவியும் பூட்டைத் திறந்துவிடும்.

3. டி கொழுப்பில் சேர்ந்து கிடப்பது. மாத்திரையை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மெல்ல வந்துகொண்டே இருக்கும்.

கோலிகால்சிஃபெராலை எலி மருந்தாகவும் விற்கிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. எலியைக் கொல்வது இதே வழியில் ஏறும் கால்சியம்தான். அர்ஜென்டினாவில் ஒருவகைச் சுண்டைக் குடும்பச் செடியை மேயும் மாடுகள் நலிந்து, ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து சாவதுண்டு. அந்தச் செடியின் இலையில் இருப்பது நெல்லும் இல்லை, அரிசியும் இல்லை. சர்க்கரையோடு ஒட்டிய கால்சிட்ரியால், நேராகச் சோறு. சிறுநீரகத்தின் காவலுக்கு அங்கே வேலையே இல்லாமல் போகிறது.

நஞ்சாகும் அளவுக்குப் போகாவிட்டாலும், ஒரேயடியாகக் கொட்டுவது நல்லதல்ல என்பதற்கு ஆஸ்திரேலியாவில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 70 வயதைக் கடந்த 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தால், முறிவு 26 சதவீதமும் கீழே விழுவது 15 சதவீதமும் கூடின. திடீர் வெள்ளம் அழிக்கும் நொதியையும் எஃப்ஜிஎஃப்23ஐயும் ஒருசேரக் கிளப்பிவிட்டிருக்கலாம் என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று.

ஏற்கெனவே போதுமான இருப்பு உள்ளவர்களுக்குத் தினமும் கொடுத்தால்? அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில் நாளுக்கு 2,000 யூனிட் என்று ஐந்து ஆண்டுக்கு மேல் கொடுத்தார்கள். புற்றுநோயும் மாரடைப்பும் குறையவில்லை என்று 2018இலும், எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022இலும் முடிவுகள் வந்தன. ஆய்வு தொடங்கும்போதே அவர்களின் சராசரி 30ஐ ஒட்டி இருந்தது. நிறைந்த குதிரில் இன்னும் இரண்டு மூட்டை போட்டதால் பந்தியில் கூட்டம் கூடிவிடாது. 2024 வழிகாட்டுதலின் பின்வாங்கலுக்குப் பின்னால் இந்த மாதிரி முடிவுகள்தான் இருக்கின்றன. அதே வழிகாட்டுதல் குழந்தைகள், கர்ப்பிணிகள், 75 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவை நெருங்கியவர்கள் ஆகியோருக்குப் பரிசோதனை இல்லாமலே கூடுதல் டி தரலாம் என்றும் சொல்கிறது.

அறிக்கையைப் படிக்கும்போது

1. கால்சிடையால் எண்ணை மட்டும் தனியாகப் பார்ப்பது மூட்டையை மட்டும் எண்ணுவது. கூடவே கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு நலிவில் ரத்தத்தில் ஏறும் ஒரு நொதி), பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றைப் பார்த்தால்தான் பந்தி எப்படி நடக்கிறது என்று தெரியும். 14 என்ற எண்ணோடு பாராதைராய்டு ஏறியிருந்தால், உடல் கால்சியத்துக்காக எலும்பைக் கடன் கேட்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கே பொட்டலம் வீண் இல்லை.

2. யூனிட்டைக் கவனியுங்கள். சில ஆய்வகங்கள் நானோமோலில் தரும். அது நானோகிராமைப்போல் இரண்டரை மடங்கு. 35 நானோமோல் என்பதும் 14 நானோகிராம் என்பதும் ஒன்றே.

3. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்குக் கணக்கு வேறு. பாஸ்பேட் வெளியேறாமல் எஃப்ஜிஎஃப்23 ஏறும், ஆக்கும் நொதி அடங்கும், கால்சிட்ரியால் குறையும், பாராதைராய்டு எகிறும். மூட்டை நிறைய இருந்தும் உலை எரியாத வீடு அது. அவர்களில் சிலருக்கு மருத்துவர் கால்சிட்ரியாலையே நேராக எழுதுவது அதனால்தான். அதை வாங்கி மற்றவர் விழுங்கினால், அந்த அர்ஜென்டினா மாட்டின் கதைதான்.

4. "ஹார்மோன் கால்சிட்ரியால்தானே, அதையே அளந்துவிடலாமே" என்று தோன்றும். பற்றாக்குறையைக் கண்டுபிடிக்க அந்தப் பரிசோதனை உதவாது. கால்சிடையால் குறையக் குறையப் பாராதைராய்டு ஏறி, ஆக்கும் நொதியை முழு வேகத்தில் ஓட்டும். மூட்டையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கும் வீட்டிலும் இலையில் சோறு வழக்கம்போல், சில சமயம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே விழும். கால்சிட்ரியாலை அளப்பது சிறுநீரக நோய், சார்காய்டோசிஸ், காரணம் தெரியாமல் ஏறிய கால்சியம் போன்ற இடங்களில்தான் பயன்படும். அந்தக் கடைசி வகையில், வடிகால் அடைபட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அழிக்கும் நொதி விட்டுச்செல்லும் 24,25-டைஹைட்ராக்ஸி வைட்டமின் டி எவ்வளவு என்பதைக் கால்சிடையாலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அது ஏறத்தாழ இல்லவே இல்லை என்று வந்தால், மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.